மட் ஃபிளாப் மாட்டும் முன் உங்கள் ஊர்ச் சாலையைப் பாருங்கள்

450 ரூபாய்க்கு மாட்டிய நான்கு மட் ஃபிளாப் (சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுப்பான்), 17,500 ரூபாய் டிங்கரிங், பெயின்டிங் செலவில் கொண்டுபோய் விட்டது. கார் ஒரு வாரத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. தூத்துக்குடியில் ஓடும் வண்டி. முள்ளக்காடு உப்பளங்களை ஒட்டித் திருச்செந்தூர் சாலையில் தினமும் போய்வருவது. எங்கும் மோதவில்லை, சர்வீஸும் தவறியதில்லை. ஆனால் முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுக்கூடான ரன்னிங் போர்டு தொடங்கும் இடத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. ஃபிளாப்பைக் கழற்றிப் பார்த்தால், ஸ்க்ரூ இறங்கியிருந்த ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் தகடு அப்பளமாக நொறுங்கியது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. வயிறு எரிந்தது. வண்டியைக் காப்பாற்ற மாட்டிய பொருளே வண்டியைத் தின்றிருக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

அக்சசரிஸ் கடையில் கேட்கும் ஒரே கேள்வி “என்ன வண்டி சார்?” என்பதுதான். எந்த ஊரில், எந்தச் சாலையில் ஓடப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. உப்புக்காற்றில் நிற்கும் காருக்கும், கோவில்பட்டிக் கரிசலில் இறங்கும் காருக்கும், வால்பாறை மலையேறும் காருக்கும் ஒரே ஃபிளாப்பை, ஒரே ஸ்க்ரூவால், ஒரே டிரில்லால் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தகட்டுக்கு என்ன ஆனது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். காரின் தகட்டுக்கு மேல் கம்பெனியில் பல அடுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு, அதன் மேல் மின்சாரம் பாய்ச்சி ஏற்றிய அடிப்பூச்சு, பிறகு பிரைமர், கலர், கிளியர் கோட். பவர் டிரில் வைத்து ஒரு ஓட்டை போட்ட நொடியில், அந்த ஓட்டையின் உள்விளிம்பில் இவை எதுவுமே இல்லாத வெறும் இரும்பு வெளியே வந்துவிடுகிறது. டிரில் செய்யும்போது உதிரும் இரும்புத் தூள் ரன்னிங் போர்டின் உள்கூட்டில் விழுந்து அங்கேயும் துருவைத் தொடங்கி வைக்கிறது. அதற்கு மேல் ரப்பர் ஃபிளாப்பை இறுக்கிவிட்டால், ஃபிளாப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் உப்பு கலந்த சேறு தங்கி, காயவே காயாமல் ஈரமாக இருக்கும். கார் ஓடும்போது ஃபிளாப் அதிரும். நடுவில் மாட்டிய மணல் எமரித்தாள் மாதிரி உரசி, ஓட்டை இல்லாத இடத்துப் பெயின்டையும் எடுத்துவிடும். இத்தனையும் ஃபிளாப்பின் மறைவில் நடப்பதால், வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

செலவு ஏறியதற்குக் காரணம் இடம்தான். முன் ஃபெண்டர், அதாவது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கத்தகடு, போல்ட்டில் மாட்டியது, கெட்டுப்போனால் கழற்றிப் புதிதாகப் போட்டுவிடலாம். ரன்னிங் போர்டு காரின் எலும்புக்கூட்டோடு வெல்டு செய்யப்பட்டது. அது ஓட்டையாகிவிட்டால் வெட்டி எடுத்து, பேட்ச் வைத்து வெல்டு அடித்து, பட்டி போட்டு, அந்தப் பக்கம் முழுவதும் பெயின்ட் கலக்க வேண்டியதுதான். இந்த வேலை நடக்கும்போது கேட்டு வாங்க வேண்டியது ஒன்று: வெல்டு செய்த இடத்தின் உட்புறம். வெளியே பளபளவென்று முடித்துவிட்டு உள்பக்கத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள். வெல்டு சூட்டில் உள்பூச்சு எரிந்து போயிருக்கும். ரன்னிங் போர்டில் இருக்கும் வடிகால் துளை வழியாக நீளக் குழாயில் மெழுகு வகைத் துருத்தடுப்பைப் பீய்ச்சச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேட்ச் போட்ட இடத்தின் ஓரத்திலேயே மறுபடி தொடங்கும். துரு மேலோட்டமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் இவ்வளவும் தேவையில்லை. 120 எண் எமரித்தாளில் தேய்த்து, 240, 400 என்று மிருதுவாக்கி, மிஞ்சிய துருவைச் செயலிழக்க வைக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, பிரைமரும் டச்-அப் பெயின்டும் அடித்தால் போதும். அரைநாள் வேலை.

அப்படியானால் ஃபிளாப்பே வேண்டாமா என்றால், வேண்டும். நம் சாலைகளில் கண்டிப்பாக வேண்டும். முன்சக்கரம் வாரியடிக்கும் ஜல்லி நேராக ரன்னிங் போர்டிலும் கதவின் கீழ்விளிம்பிலும் பின்சக்கர வளைவின் முன்பக்கத்திலும் வந்து அடிக்கிறது. அங்கே பெயின்ட் பொட்டுப் பொட்டாகத் தெறித்தால் துரு அதிலிருந்தும் வரும். ஆகவே நான்கு ஃபிளாப்பில் உங்கள் காரைக் காப்பது முன்னிரண்டு. பின்னிரண்டு பம்பரையும், உங்களுக்குப் பின்னால் பைக்கில் வருபவரையும் காப்பவை. பின் ஃபிளாப் போட்டால் ஹேட்ச்பேக்கின் பின்கண்ணாடி அழுக்காகாது என்று நம்பி வாங்காதீர்கள். அந்த அழுக்கு காருக்குப் பின்னால் உண்டாகும் காற்றுச் சுழலில் மேலேறி வருவது. ஃபிளாப்பால் கொஞ்சம் குறையும், நிற்காது.

அளவுக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்று இருந்தால் டயரின் அகலம் 185 மி.மீ. ஃபிளாப் அதைவிட 3 செ.மீ.யாவது அதிகமாக, அதாவது 21.5 முதல் 23 செ.மீ. அகலம் இருந்தால்தான் முழு டயரையும் மறைக்கும். கம்பெனி ஃபிளாப்புகள் பார்க்க அழகாக இருந்தாலும் பல மாடல்களில் டயரின் வெளிப்பாதியைத்தான் மூடுகின்றன. நகரத் தார்ச்சாலைக்கு அது போதும், ஜல்லி பெயர்ந்த கிராமச் சாலைக்குப் போதாது. உயரத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி இருக்கிறது. டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஃபிளாப்பின் கீழ்விளிம்புக்கு ஒரு நூலைப் பிடியுங்கள். அந்த நூலுக்கு மேலே பறக்கும் கல் ஃபிளாப்பில் அடிபடும், கீழே பறப்பது தப்பிப் போகும். ஃபிளாப் 40 செ.மீ. பின்னால், தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருந்தால் நூலின் சாய்வு ஏறக்குறைய 17 டிகிரி. அதையே 18 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி மாட்டினால் 24 டிகிரி ஆகிவிடும். 6 செ.மீ. வித்தியாசத்தில் கதவின் கீழ்விளிம்புக்குப் போகும் கற்கள் நிறையத் தப்பிவிடுகின்றன.

அதற்காக ஒரேயடியாகத் தாழ்த்தவும் முடியாது. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். தெருக்களில் அந்த அளவைப் பார்ப்பது அபூர்வம், குறுகலாகவும் உயரமாகவும் போட்டு வைத்திருக்கிறார்கள். முன்சக்கரம் வேகத்தடையை விட்டு இறங்கும்போது அதன் முகட்டில் தட்டுவது முன் ஃபிளாப்தான். பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் பின்பக்கம் 4 முதல் 6 செ.மீ. வரை இறங்கும். ஆகவே காலி வண்டியில் அளக்காதீர்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அளவெடுங்கள். ஆள் ஏறிய நிலையில் 10 முதல் 12 செ.மீ. இடைவெளி இருக்கிறமாதிரி, கீழ்ப்பாதி வளைந்துகொடுக்கும் ஃபிளாப்பாகப் பார்த்தால் தட்டினாலும் உடையாது.

இனி எந்தப் பொருளில் வாங்குவது என்பது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை: ரப்பர், பிவிசி, பிபி என்கிற பாலிப்ரொப்பிலீன், அதோடு ரப்பர்த்தன்மை கலந்த டிபிஓ, டிபிஇ வகைகள். ஆன்லைனில் பாலியூரித்தேன் தகட்டில் வெட்டிய ராலி வகையும் கிடைக்கிறது, விலை பல மடங்கு. ஃபிளாப்பின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் பொருளின் பெயரை இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் அச்சிட்டிருப்பார்கள். எந்தக் குறியும் இல்லாவிட்டால் கையால் சோதிக்கலாம். ஓரத்தை முழுதாக மடித்து விடுங்கள். மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்து அப்படியே நின்றால் அது விறைப்பான பிபி அல்லது சுண்ணாம்புத்தூள் அதிகம் சேர்த்த மலிவுப் பிளாஸ்டிக், முதல் கல் அடியிலேயே விரிசல் விடும். ரப்பர் என்றால் வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். கரி ஒட்டுகிறமாதிரி கறுப்புக்கோடு விழுந்து, பழைய டயர் நாற்றமும் அடித்தால் அது மறுசுழற்சி ரப்பர். தடிமன் வார்ப்பு ஃபிளாப்புக்கு 2.5 முதல் 3 மி.மீ., தொங்கும் ரப்பருக்கு 4 மி.மீ.யாவது இருக்க வேண்டும். நிறம் கறுப்பாகவே இருக்கட்டும். கறுப்புக்காகச் சேர்க்கும் கார்பன் தூள் வெயிலின் புற ஊதாக்கதிரைத் தாங்கிக்கொள்கிறது. சிவப்பும் நீலமும் பார்க்க எடுப்பாக இருக்கும், சீக்கிரம் வெளுத்து நொறுங்கும்.

கடற்கரை ஊர்களில், அதாவது சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி போன்ற இடங்களில், ஃபிளாப்பின் பொருளைவிட அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவும் ஓட்டையும்தான் உயிர்நாடி. கடைக்காரர்கள் கையில் எப்போதும் இருப்பது ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு உரிய கறுப்பு ஸ்க்ரூ. உப்புக்காற்றில் அதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும் ஸ்க்ரூ கிடையாது. சிலர் அலுமினிய ரிவெட் அடிக்கிறார்கள். உப்பு ஈரத்தில் இரும்போடு சேர்ந்த அலுமினியம் தானே கரைந்து வெள்ளைத் தூளாகி, ஃபிளாப் ஒருநாள் சாலையில் விழுந்துவிடும், ஓட்டை மட்டும் மிஞ்சும். வாங்க வேண்டியது 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, கிடைத்தால் 316. ஸ்டெயின்லெஸ் தலை பெயின்டைச் சுரண்டினால் சுரண்டிய இடத்து இரும்பு அரிக்கும் என்பதால், தலைக்கும் ஃபிளாப்புக்கும் நடுவில் அகலமான நைலான் வாஷர் கட்டாயம். முடிந்தவரை புது ஓட்டையே போடாதீர்கள். பெரும்பாலான கார்களில் சக்கர வளைவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைப் பிடிக்க ஏற்கெனவே இரண்டு மூன்று ஸ்க்ரூ இருக்கும். அந்த இடத்திலேயே உட்காரும்படி வார்த்த, உங்கள் மாடலுக்கென்றே வந்த ஃபிளாப் இருந்தால் அதுவே முதல் தேர்வு. 200, 300 ரூபாய் கூட ஆனாலும் தயங்காதீர்கள். ஓட்டை போடாத காருக்குக் கிடைக்கும் லாபத்தின் முன் அது ஒன்றுமில்லை.

ஃபிளாப் பெயின்டைத் தொடும் விளிம்பு முழுவதும் ஒளி ஊடுருவும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிமை இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டிவிட்டு மாட்டுங்கள். கார் ஃபிலிம் ஒட்டும் கடையில் வெட்டிய மிச்சத்துண்டே போதும், கேட்டால் சும்மாவே தருவார்கள். ஸ்பாஞ்ச், ஃபோம் டேப் மட்டும் வைக்காதீர்கள். அது உப்புநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கரிசல் வேறு கதை. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் மழை பெய்த மறுநாள் காட்டுப்பாதையில் இறங்கியவர்களுக்குத் தெரியும். அந்த மண்ணின் களி நீரை உறிஞ்சிப் பருக்கும், டயரோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், காய்ந்தால் இறுகிக் கல்லாகும். அங்கே அகலமான நீளமான ஃபிளாப் போட்டால், அது மண்ணைத் தடுப்பதற்குப் பதிலாகத் தேக்கி வைக்கிறது. டயருக்கும் ஃபிளாப்புக்கும் நடுவில் இறுகிய களி டயரையே பிரேக் போட்டதுபோலப் பிடிக்கும், லைனரைக் கிழிக்கும், எடை தாங்காமல் ஸ்க்ரூவைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆகவே கரிசல் ஊருக்கு நீளத்தைவிட இடைவெளி முக்கியம். டயரிலிருந்து 5 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும். உள்முகம் வழவழப்பாக, வரி, பள்ளம், எழுத்து எதுவும் இல்லாமல் இருந்தால் களி வழுக்கி விழும். ரப்பரைவிட டிபிஓ வகை இங்கே நன்றாக இருக்கிறது. எந்த ஃபிளாப்பாக இருந்தாலும் களியை அன்றைக்கே தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும். மறுநாள் கம்பியால் குத்தி எடுக்கப் போனால் பெயின்ட் போய்விடும். கழுவும்போது ரன்னிங் போர்டின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். கரிசல் அதை அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளேயே நின்று, ஃபிளாப் இல்லாத காரையும் உள்ளிருந்து அரிக்கும்.

மலைக்குப் போனால் பிரச்சினை ஸ்டியரிங்கில் இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கைக் கிட்டத்தட்ட முழுதாக ஒடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. அதே நேரம் வெளிப்பக்கச் சஸ்பென்ஷன் அமுங்குகிறது. சமதளத்தில் நின்றபடி பார்த்தால் உரசாத ஃபிளாப், இந்த இரண்டும் சேரும்போது டயரில் உரசும். டயரின் தோள்பட்டையில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் அதுதான் காரணம். மாட்டியவுடன் இடம், வலம் இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, 2.5 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது. விறைப்பான பிபி அந்தக் குளிரில் வளையாது, காலையில் வண்டியை எடுக்கும்போது ஃபிளாப் கல்லில் தட்டினால் சட்டென்று முறியும். ரப்பரோ டிபிஇயோ அங்கே பாதுகாப்பு. எஸ்டேட் பாதைகளில் ஃபிளாப்புக்கு மேலே இருக்கும் மூலையில் ஈர இலை சேர்ந்து மக்கிக் கிடக்கும். கையை விட்டு எடுத்துவிடுங்கள், அதுவும் ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான்.

வேலூர், கரூர், திருச்சி போன்ற வெயில் ஊர்களில் உப்பும் களியும் அதிகம் இல்லை. அங்கே எதிரி வெயிலும் தாரும். மலிவுப் பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் சூட்டில் மெல்ல வெளியேறிவிடுகிறது. இரண்டு கோடை தாண்டினால் ஃபிளாப் விறைத்து ஓரம் உடையத் தொடங்கும். இயற்கை ரப்பரில் மடிப்பும் இழுவிசையும் இருக்கும் இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் வரிவரியாக வரும். காற்றில் உள்ள ஓசோன் செய்யும் வேலை அது. இபிடிஎம் என்கிற செயற்கை ரப்பரும் டிபிஓவும் இதைத் தாங்கும். சாலைக்குப் போடும் விஜி-30 என்ற தரத் தாரின் இளகுநிலை குறைந்தபட்சம் 47 டிகிரி. சித்திரை வெயிலில் கறுப்புச் சாலையின் மேற்பரப்பு அதைத் தாண்டிவிடும். புதிதாகப் போட்ட சாலையில் தாரும் சிறு ஜல்லியும் சேர்ந்து வந்து ஃபிளாப்பில் அப்பும். ரப்பரில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்காதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். பெயின்டில் ஒட்டியதை மட்டும் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துணியால் துடைத்து, பிறகு ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும். இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டும் ஃபிளாப்புகளை இந்த ஊர்களில் வாங்கவே வேண்டாம், சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும்.

ஃபிளாப் அதிகம் கிழிவது முன்னால் போகும்போது இல்லை, ரிவர்ஸில். நீளமான மெத்தென்ற ஃபிளாப் பின்னால் உள்ள மேட்டிலோ நடைபாதை விளிம்பிலோ மாட்டிக்கொள்ளும், சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போது அதன் அடியில் போய்ச் சிக்கும். கார் மேலே ஏறியதும் மொத்த எடையும் சேர்ந்து பிடுங்கும். ஃபிளாப் மட்டும் போனால் பரவாயில்லை, பின்பம்பரின் கிளிப் உடைந்து பம்பரும் சேர்ந்து வெளியே வரும். வீட்டு வாசல் சரிவு அதிகமாக இருக்கிறவர்கள் பின் ஃபிளாப்பை 2, 3 செ.மீ. வெட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது. மழையில் தேங்கிய தண்ணீரிலும் ரிவர்ஸ் எடுப்பது இதே ஆபத்துதான், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

டொரன்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு, தூத்துக்குடி உப்பளச் சாலையின் பிரச்சினை இன்னும் கடுமையாக, ஐந்தாறு மாதம் தொடர்ந்து இருக்கிறது. பனி உருக சாலையில் கொட்டும் உப்பு மைனஸ் 9, 10 டிகிரி வரைதான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், அதற்குக் கீழே கால்சியம், மக்னீசியம் குளோரைடு கலக்கிறார்கள். அந்த இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தகட்டை எப்போதும் நனைத்தே வைத்திருக்கும். அங்கே புது ஓட்டை போடவே கூடாது. பிபியும் பிவிசியும் அந்தக் குளிரில் உடையும். டிபிஓ, டிபிஇ, பாலியூரித்தேன் வளைந்துகொடுக்கும். வருடாவருடம் காரின் அடியில் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பவர்கள் இயற்கை ரப்பர் ஃபிளாப் போடாதீர்கள், எண்ணெயில் ஊறிப் பஞ்சாகிவிடும். ஃபிளாப்புக்குப் பின்னால் பனி உறைந்து கட்டியாகி நிற்கும்போது காலால் உதைக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மைனஸ் 20இல் உதைத்தால் ஃபிளாப்போ அதன் கிளிப்போ பனிக்கட்டியோடு சேர்ந்து வந்துவிடும். மரக்கட்டையால் பனிக்கட்டியின் நடுவில் தட்டி உடையுங்கள், அல்லது சூடான பார்க்கிங்கில் உருகவிடுங்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: கடற்கரை உப்பும், வேலூரைத் தாண்டிய வெயிலும், மணல் வீச்சும் ஒன்றாக இருக்கிறது. கறுப்பு டிபிஓ, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, பாதுகாப்பு ஃபிலிம். மூன்றில் எதையும் விடாதீர்கள்.

மாட்டுவது நீங்களே செய்யக்கூடிய வேலை. ஒரு மணி நேரம் ஆகும். தேவை ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சில கார்களுக்கு ஆறு முனை நட்சத்திர வடிவ டி20 டார்க்ஸ். சக்கர வளைவை நன்றாகக் கழுவி முழுதாகக் காயவிடுங்கள். எந்தப் பக்கச் சக்கரத்தில் வேலை செய்கிறீர்களோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் சக்கரத்தின் பின்பாகம் உள்ளே ஒதுங்கி, கை நுழைய இடம் கிடைக்கும். ஜாக்கி தேவையில்லை. லைனர் ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபிலிம் ஒட்டி, ஃபிளாப்பை வைத்துப் பாருங்கள். பழைய ஸ்க்ரூவையே திரும்பப் போடாதீர்கள். ஃபிளாப்பின் தடிமன் சேர்ந்ததும் பழைய ஸ்க்ரூ ஒரு மரையில்தான் பிடிக்கும், சில வாரத்தில் கழன்று விழும். அதே பருமனில் 5 முதல் 8 மி.மீ. நீளம் கூடுதலாக வாங்குங்கள். எல்லா ஸ்க்ரூவையும் லூசாக மாட்டி, ஃபிளாப்பை நேராக்கி, பிறகு மேலிருந்து கீழாகக் கையாலேயே இறுக்குங்கள். பவர் டிரில்லில் இறுக்கினால் லைனரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் மரை வழுக்கிவிடும், அது உள்ளே விழுந்தால் லைனரையே கழற்ற வேண்டிவரும்.

ஓட்டை போட்டே தீர வேண்டிய கார் என்றால், கடைக்காரர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 4.2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.3 மி.மீ. பிட் போதும். ஓட்டையின் பிசிறை அரத்தால் எடுத்து, இரும்புத் தூளைக் காந்தத்தாலும் ஈரத்துணியாலும் துடைத்து எடுத்து, ஓட்டையின் உள்விளிம்புக்கு ஜிங்க் பிரைமரைச் சின்ன பிரஷ்ஷால் தடவி, காய்ந்த பிறகு டச்-அப் பெயின்ட் தொட்டு, ஸ்க்ரூவைக் கிரீஸில் தோய்த்து முறுக்க வேண்டும். “அதெல்லாம் தேவையில்லை சார், ரெண்டு நிமிஷத்துல மாட்டிடலாம்” என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். அந்த இரண்டு நிமிடம்தான் 17,500 ரூபாய் ஆனது.

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை ஃபிளாப்பைக் கழற்றிப் பின்பக்கத்தைக் கழுவி, ஸ்க்ரூ சுற்றிலும் பழுப்புக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஃபிளாப் மாட்டிய காராக இருந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் டார்ச்சையும் கையோடு எடுத்துப் போங்கள். முன் ஃபிளாப் ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் பழுப்பு ஒழுகல், ரன்னிங் போர்டில் சின்னக் கொப்புளம், ஒரு பக்கம் மட்டும் புதுசாகத் தெரியும் பெயின்ட், இதில் ஏதாவது இருந்தால் டிங்கரிடம் காட்டிச் செலவைக் கேட்டுக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். உரிமையாளர் கழற்ற மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.